மகளின் ரேட்டிங் கோடு கீழே இறங்குகிறது, விளையாட்டை நிறுத்தலாமா?

கேள்வி, வன்னியிலுள்ள மல்லாவியிலிருந்து. 2025 ஜூன் 5

மகளுக்கு 15 வயது. உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் பக்கத்தில் அவளுடைய ரேட்டிங் வரைபை, அதாவது விளையாட்டுப் பலத்தைக் காட்டும் எண்ணின் வரைபை, பார்த்தேன். 2024 மார்ச்சில் நேரே மேலே ஏறி 1478இல் நின்றது. அதற்குப் பிறகு இறக்கம்தான். இப்போது 1402. 1400க்குக் கீழே போனால் பட்டியலிலிருந்து பெயரையே எடுத்துவிடுவார்களாம். அடுத்த வருடம் சாதாரண தர (ஓ.எல்.) சோதனை. செஸ்ஸை நிறுத்திவிடலாமா என்று வீட்டில் கதைக்கிறோம். கோடு இப்படி இறங்குகிற பிள்ளைக்கு இனி முன்னேற்றம் இருக்குமா?

பதில், 2025 ஜூன் 5, இரவு

நிறுத்த வேண்டாம் அண்ணை. முதலில் அந்த ஏற்றத்தைப் பார்ப்போம்.

2024 மார்ச்சில் கோடு ஏறியதற்கும் மகளின் விளையாட்டுக்கும் தொடர்பில்லை. அந்த மாதம் 1ஆம் திகதி, 2000க்குக் கீழே இருந்த எல்லோருடைய ரேட்டிங்கையும் ஃபிடே ஒரே நாளில் உயர்த்தியது. 2000இலிருந்து உங்கள் ரேட்டிங்கைக் கழியுங்கள். வருவதில் 40 வீதத்தைப் பழைய ரேட்டிங்கோடு கூட்டுங்கள். அவ்வளவுதான் கணக்கு. மகள் அதற்கு முதல் 1130இல் இருந்திருப்பாள். 2000இலிருந்து 1130 போனால் 870. அதில் 40 வீதம் 348. கூட்டினால் 1478. பழைய பட்டியலை எடுத்துப் பாருங்கள், 1130 என்று இருக்கும். அதே நாளில்தான் அடிமட்டத்தையும் 1000இலிருந்து 1400 ஆக்கினார்கள்.

வரைபில் இதெல்லாம் எழுதியிருக்காது. கோடு மட்டும் பனைமரம் மாதிரி நிமிர்ந்து நிற்கும். என் சனிக்கிழமை செஸ் வகுப்புப் பிள்ளைகளில் ரேட்டிங் உள்ளவர்கள் நாலு பேர். நாலு பேருடைய வரைபிலும் அதே மாதம் அதே பனைமரம். அந்த ஏற்றம் அவளுடைய உழைப்பு என்று எடுத்துக்கொண்டதால்தான் பிறகு வந்த இறக்கம் முழுவதும் அவளுடைய பிழையாக உங்களுக்குத் தெரிகிறது.

1400க்குக் கீழே போனால் ரேட்டிங் இல்லாமல் போகும் என்பது உண்மைதான். பிறகு ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் ஆடித்தான் திரும்பி வரவேண்டும். வரலாம்.

2025 ஜூன் 6, காலை

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். 2024 மார்ச்சிலிருந்து இன்றுவரை மகள் ரேட்டிங் போட்டிகளில் எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறாள்? போட்டிகளை எண்ணவேண்டாம், ஆட்டங்களை எண்ணுங்கள்.

2025 ஜூன் 7, வகுப்பு முடிந்தபின்

14 ஆட்டம் என்று சொல்லியிருக்கிறீர்கள். நன்றி அண்ணை. பதினைந்து மாதத்தில் 14. யாழ்ப்பாணத்துக்கு ஒரு தரம், கொழும்புக்கு ஒரு தரம், வவுனியாவுக்கு ஒரு தரம். பஸ் காசு, தங்குமிடம், கூடப் போவதற்கு ஒரு ஆள், எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மல்லாவியில் இருந்து 14 ஆட்டம் என்பதே பெரிய விஷயம்.

சரி, கணக்கு. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு, 2300ஐத் தாண்டாதவரை, ஃபிடே பயன்படுத்தும் பெருக்கி 40. எடுத்த புள்ளிக்கும் எதிர்பார்த்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை அதனால் பெருக்குவார்கள். சம பலமுள்ள ஒருவரிடம் எதிர்பார்ப்பது அரைப் புள்ளி, அதனால் அவரை வென்றால் 20 புள்ளி கூடும், தோற்றால் 20 குறையும். இப்போது ஒரு பிள்ளையின் பலம் துளியும் மாறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காசு சுண்டுவது போல வெற்றியும் தோல்வியும் தற்செயலாக வருகின்றன. 14 ஆட்டம் முடியும்போது ரேட்டிங் எவ்வளவு தள்ளிப்போயிருக்கும்? நியம விலகல், அதாவது தற்செயலால் மட்டும் வரக்கூடிய வழக்கமான தள்ளல், 20ஐ 14இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரும். ஏறத்தாழ 75. மகள் இறங்கியது 76.

சமநிலை ஆட்டங்கள் இருந்தால் இந்த 75 கொஞ்சம் சுருங்கும். இருந்தாலும், இந்த இறக்கத்தை மட்டும் வைத்து அவள் பலம் குறைந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை. கூடிவிட்டது என்றும் சொல்ல முடியாது. 14 ஆட்டம் அதற்குக் காணாது.

இன்னொரு விஷயம். மென்பொருள் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் சாய்வாக ஒரு கோட்டை இழுத்து இணைத்துவிடும். ஆறு மாதம் ஒரு ஆட்டமும் இல்லை, அடுத்த போட்டியில் 40 போனது. கோட்டைப் பார்த்தால் பிள்ளை ஆறு மாதமாகத் தேய்ந்துகொண்டே வந்த மாதிரி இருக்கும். அந்த ஆறு மாதமும் அவள் பலகையைத் தொடாமலே இருந்திருக்கலாம். படிக்கட்டு வரைபாகப் போடுங்கள். விளையாடாத மாதங்களில் கோடு தட்டையாகக் கிடக்கட்டும், விளையாடிய மாதத்தில் ஒரு படி ஏறட்டும் அல்லது இறங்கட்டும். அந்தக் கோட்டுக்குக் கீழேயே ஒவ்வொரு மாதமும் எத்தனை ஆட்டம் என்று சின்னத் தூண்கள் போடுங்கள். கொழும்புப் பிள்ளையின் வரைபையும் வன்னிப் பிள்ளையின் வரைபையும் பக்கத்தில் வைத்தால் கோட்டில் தெரியாத வித்தியாசம் அந்தத் தூண்களில் தெரியும்.

2025 ஜூன் 8

வவுனியாவில் படிக்கும் தம்பி ஒருவர், கிடையச்சில் திகதியா ஆட்ட எண்ணா என்று கேட்டிருக்கிறார். ஆட்ட எண் என்பேன். முதலாவது ஆட்டம், இரண்டாவது ஆட்டம் என்று வரிசையாகப் போனால் இடைவெளிகள் மனதைக் குழப்பாது.

நிலைக்குத்தச்சில் ஒரு கவனம் வேண்டும். பெரும்பாலான மென்பொருள்கள் ஆகக் குறைந்த புள்ளிக்கும் ஆகக் கூடிய புள்ளிக்கும் நடுவில் அச்சைத் தானாகவே பொருத்திக்கொள்ளும். 1480க்கும் 1520க்கும் இடையில் அசைந்த பிள்ளையின் கோடு திரை நிறைய மலையும் பள்ளமுமாக நிற்கும். நான் எப்போதும் அச்சை 400 புள்ளி அகலத்துக்குக் கட்டிவிடுகிறேன். 400 வித்தியாசம் என்றால் 11 ஆட்டத்தில் கூடியவருக்கு 10 புள்ளி வரும் என்று அர்த்தம். 200 என்றால் நாலில் மூன்றுக்குக் கொஞ்சம் மேல். இந்த அளவில் போட்டால் 40 புள்ளி எவ்வளவு சிறியது என்று கண்ணுக்கே தெரியும்.

அந்தத் தம்பி இறக்கத்தை மென்மையாக்க 10 ஆட்டத்தின் நகரும் சராசரியையும் போடச் சொல்கிறார். நல்ல யோசனை, செய்து பாருங்கள்.

2025 ஜூன் 11

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்விட்டேன், அதனால் இரண்டு நாள் எழுதவில்லை. போன இடத்தில் யோசித்துப் பார்த்தேன். ஜூன் 8இல் சொன்னதில் இரண்டைத் திருத்தவேண்டும்.

முதலாவது, நகரும் சராசரி வேண்டாம். பழைய ரேட்டிங்கை வைத்துக்கொண்டு, எதிர்பார்த்த புள்ளிக்கும் எடுத்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கைக் கூட்டுவதுதான் ஃபிடே பயன்படுத்தும் ஈலோ முறை. பழையதை மெல்ல மறந்து புதியதை மெல்லச் சேர்க்கும் ஒரு சராசரி அது. சராசரியை மறுபடி சராசரி எடுத்தால் கோடு அழகாகும், ஆனால் பிந்தும். 10 ஆட்டச் சராசரி என்றால் திருப்பம் வரைபில் தெரிய நாலைந்து ஆட்டம் பிந்தும். மல்லாவிப் பிள்ளைக்கு நாலைந்து ஆட்டம் என்பது அரை வருடம். தம்பி, உங்களிடம் பிழையில்லை, யோசிக்காமல் தலையாட்டியது நான்தான்.

இரண்டாவது, கிடையச்சு. ஆட்ட எண் மட்டும் போட்டால் இடைவெளி மறைந்துவிடும் என்று நல்லதாகச் சொல்லியிருந்தேன். அந்த இடைவெளியில்தான் வெள்ளமும் சோதனையும் அறுவடையும் வீட்டு நிலைமையும் இருக்கின்றன. எட்டு மாதம் விளையாடாத பிள்ளை திரும்பி வந்து தோற்பதற்கும், தொடர்ந்து விளையாடும் பிள்ளை தோற்பதற்கும் வேறு வேறு காரணம். திகதியே இருக்கட்டும். ஒரே போட்டியின் ஆட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெரிந்தால் அந்தப் போட்டிக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன வரைபு போடலாம்.

திரும்பி வரும்போது இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டில் நின்றோம். சிறுபோகத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. கூட வந்த வகுப்புப் பொடியன் அளவுகோலைப் பார்த்து "சேர், குளத்துக்கும் ரேட்டிங் இருக்கு" என்றான். 34 அடிக் குளத்தை அணை உயர்த்தி 36 அடியாக்கியது அவனுக்குத் தெரியும். அணை உயர்ந்தது, மழை கூடவில்லை. 2024 மார்ச்சை இனி வகுப்பில் இதை வைத்தே விளக்கப்போகிறேன்.

ஆர்பாட் ஈலோ ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகவியல் படிப்பித்தவர். அவருடைய முறையை ஃபிடே எடுத்துக்கொண்டது 1970இல். தான் செய்வது எப்படிப்பட்ட அளவீடு என்று அவரே ஓரிடத்தில் விளக்கியிருக்கிறார்: தண்ணீரில் ஏறி இறங்கும் ஒரு தக்கையின் இடத்தை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பது போன்றதாம். அணையில் நின்று அலையடிக்கும்போது அளவுகோலை வாசித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒரு அலையைப் பார்த்து அடியைச் சொல்லமாட்டோம்.

2025 ஜூன் 13

என்னுடைய கதை ஒன்று, அண்ணைக்காக.

2022 மார்ச், ஏப்ரலில் இணையத்தில் என் ரேட்டிங் கிட்டத்தட்ட 150 புள்ளி விழுந்தது. அந்தக் காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். எரிபொருள் வரிசை, சாமான் விலை, ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. வரைபைத் திறந்தால் கோடு கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இருந்தது. மூளை களைத்துவிட்டது, வயது போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். மூன்று மாதம் விளையாடவில்லை.

பிறகு ஒரு நாள் என் ஆட்டங்கள் முழுவதையும் கோப்பாக இறக்கினேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மேலே அது எப்படி முடிந்தது என்று ஒரு வரி இருக்கும்: சாதாரணமாகவா, நேரம் போயா, விட்டுப்போயா. நேரம் போய்த் தோற்றவற்றுக்குச் சிவப்புப் புள்ளி போட்டேன். அந்த இரண்டு மாதமும் ஒரே சிவப்பு. கரண்ட் போனதும் ரூட்டர் அணைந்துவிடும், ஃபோனில் டேட்டா இருக்காது, அங்கே என் மணிக்கூடு ஓடி முடியும். பலகையில் தோற்ற ஆட்டங்களை மட்டும் எண்ணினால் அது முந்திய வருடத்தை விடக் கூடவில்லை. கோடு காட்டியது மின்வெட்டை. நான் அதை என் மூளை என்று வாசித்து மூன்று மாதத்தை இழந்தேன். அந்த மூன்று மாதத்துக்காக இன்றும் கவலைப்படுகிறேன். அதனால்தான் உங்கள் கேள்வியைக் கண்டதும் அந்த இரவே எழுத உட்கார்ந்தேன்.

2025 ஜூன் 14

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா: மகன் இணையத்தில் செஸ் ஆடும் லிசெஸ் தளத்தில் சேர்ந்த முதல் கிழமையே 1500இலிருந்து 1080க்கு விழுந்துவிட்டானாம், அழுகிறானாம்.

அவன் விழவில்லை அம்மா. அங்கே எல்லோருக்கும் தொடக்கம் 1500. அது அவனைப் பற்றி ஒன்றுமே தெரியாதபோது போடும் எண். லிசெஸ்ஸில் இருப்பது மார்க் கிளிக்மன் என்ற புள்ளிவிபரவியலாளர் உருவாக்கிய கிளிக்கோ-2 முறை. அது ரேட்டிங்கோடு சேர்த்து, அந்த ரேட்டிங் எவ்வளவு நிச்சயமில்லாதது என்பதற்கும் ஓர் எண் வைத்திருக்கும். விலகல் என்பார்கள். அது 110க்கு மேலே இருக்கும்வரை ரேட்டிங்குக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கும். கேள்விக்குறி நிற்கும் நாட்களின் கோட்டை வரைபிலிருந்து வெட்டிவிடுங்கள். மகனுக்கு 1080 என்பதே தொடக்கம் என்று சொல்லுங்கள். ஃபிடே எண்ணோடு இதை ஒப்பிடவும் வேண்டாம், ஆடுகிறவர்களும் வேறு, கணக்கும் வேறு.

2025 ஜூன் 17

இனி நான் உண்மையில் சொல்ல விரும்புகிற வரைபுக்கு வருகிறேன். அதில் ரேட்டிங்கே இல்லை.

வகுப்பில் ஒரு பொடியன் இருக்கிறான், 13 வயது. நல்ல பொசிஷன் வரும், பிறகு 30ஆவது நகர்வுக்குக் கிட்டக் காயைத் தூக்கிக் கொடுத்துவிடுவான். "கவனமாக விளையாடு" என்று ஒரு வருடம் சொன்னேன். அதைக் கேட்டு அவன் இன்னும் பயந்தான். அதைத் தவிர ஒரு பயனும் இல்லை. பிறகு அவனுடைய இணைய ஆட்டங்கள் 20ஐ எடுத்தேன். அந்தக் கோப்பில் ஒவ்வொரு நகர்வுக்குப் பக்கத்திலும் மணிக்கூட்டில் மிச்சமிருந்த நேரம் பதிவாகியிருக்கும். நகர்வு எண்ணைக் கிடையிலும் மிச்ச நேரத்தை நிலைக்குத்திலும் வைத்து, ஓ.எல். கணிதத்துக்கு வாங்கிய அதே வரைபுத்தாளில், 20 கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பென்சிலால் கீறச் சொன்னேன். கீறியது அவன்தான்.

பத்தாவது கோடு கீறும்போதே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். எல்லாக் கோடும் முதல் 12 நகர்வுக்குள் பாதி உயரத்துக்கு விழுந்திருந்தன. தொடக்கத்தில் பிழை விட்டுவிடுவோமோ என்று ஒவ்வொரு குதிரைக்கும் ஒவ்வொரு சிப்பாய்க்கும் இருந்து யோசித்திருக்கிறான். சண்டை தொடங்கும்போது கையில் நேரமில்லை. அடுத்த மாதம் தொடக்க நகர்வுகளைக் கொஞ்சம் படித்தான், 12 நகர்வுக்கு இவ்வளவு நிமிடம்தான் என்று தாளில் ஒரு கோடு போட்டு ஒட்டிவைத்தான். தூக்கிக் கொடுப்பது குறைந்தது. ரேட்டிங் கோட்டில் அது தெரியப் பல மாதம் எடுத்தது, நேரக் கோட்டில் இரண்டாவது கிழமையே தெரிந்தது.

நேரடிப் போட்டியில் இதை எப்படிச் செய்வது? நகர்வுகளை எழுதும் ஸ்கோர் ஷீட்டில் மணிக்கூட்டு நேரத்தையும் எழுதலாம், ஃபிடே விதியே அதை அனுமதிக்கிறது. நகர்வை ஆடுவதற்கு முன் எழுதிவைப்பதுதான் கூடாது. அண்ணை, மகளை ஒவ்வொரு 5 நகர்வுக்கும் ஒரு தரம் மிச்ச நேரத்தை ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரு போட்டிக்கு மட்டும் செய்யட்டும்.

2025 ஜூன் 19

எஞ்சின், அதாவது செஸ் கணினி நிரல், ஒவ்வொரு நகர்வுக்கும் யார் மேலே என்று போடும் மதிப்பீட்டு வரைபைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு சிப்பாய் அளவு முன்னிலையை +1 என்று எடுக்கும் சிப்பாய் அலகில் கீறும் வரைபு ஏமாற்றும். +9இலிருந்து +5க்கு இறங்குவதும் +2இலிருந்து −2க்கு இறங்குவதும் அதில் ஒரே உயரம். லிசெஸ் பயன்படுத்தும் சூத்திரத்தால் அதை வெற்றி வாய்ப்பாக மாற்றிப் பாருங்கள். முதலாவது 96 வீதத்திலிருந்து 86க்கு, இரண்டாவது 68இலிருந்து 32க்கு. பிள்ளை எங்கே அழவேண்டும், எங்கே அழத் தேவையில்லை என்று அப்போதுதான் தெரியும்.

தட்டையான கோட்டையும் நம்பக்கூடாது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரெனும் ஆடிய 14ஆவது ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். மணிக்கணக்காக வரைபு பூச்சியத்துக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கும். 55ஆவது நகர்வில் டிங் தன் கோட்டைக் காயைத் தவறான கட்டத்தில் வைத்தார், ஒரே செங்குத்து வீழ்ச்சி. 18 வயதுக் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். கோடு தட்டையாகக் கிடந்த அந்த நேரம் முழுவதும் குகேஷ் ஒரு சிப்பாய் அதிகத்தோடு அழுத்திக்கொண்டே இருந்தார். அந்த அழுத்தம் எஞ்சினுக்குத் தெரியாது, அதனால் வரைபிலும் இல்லை. அந்த ஆட்டத்தை வகுப்பில் காட்டியபோது நான் வரைபை மூடிவைத்துவிட்டுப் பலகையில்தான் காட்டினேன்.

2025 ஜூன் 21

என்ன மென்பொருள் என்று கேட்பவர்களுக்கு: பழைய மடிக்கணினியும் குறைந்த டேட்டாவும் உள்ளவர்களுக்கு ஸ்கிட் (Scid) என்ற செஸ் மென்பொருள் போதும். இலவசம், இணையம் தேவையில்லை, ஒரு வீரரின் ரேட்டிங் வரைபும் ஆட்டத்தின் மதிப்பீட்டு வரைபும் அதிலேயே உண்டு. ஆனால் மதிப்பீடு சிப்பாய் அலகில்தான் வரும், மேலே சொன்னதை நினைவில் வையுங்கள். படிக்கட்டு வரைபுக்கும் தூண்களுக்கும் லிப்ரே ஆஃபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருள். ஆட்டங்களை மாதத்தில் ஒரு தரம் இறக்கினால் போதும், வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் ஃபோனில் போட்ட ரீலோட் காசு அவ்வளவு கரையாது.

ஆனால் முதல் வரைபைப் பிள்ளை கையால் கீறட்டும். மென்பொருள் ஒரு விநாடியில் போட்டுத் தந்திருந்தால் அந்தப் பொடியன் பத்தாவது கோட்டில் நிறுத்தியிருக்கமாட்டான்.

2025 ஜூன் 24

முதல் நாள் எழுதியதில் ஒன்று குறைந்துவிட்டது. 2024 மார்ச் உயர்வு எல்லோரையும் சமமாகத் தூக்கவில்லை, கீழே இருந்தவர்களைக் கூடத் தூக்கியது. 1200க்கும் 1600க்கும் 400 வித்தியாசம் இருந்தது. உயர்வுக்குப் பின் அவர்கள் 1520, 1760. வித்தியாசம் 240. முன்பு கீழே உள்ளவரிடம் 100 ஆட்டத்தில் 9 புள்ளி எதிர்பார்த்த கணக்கு இப்போது 20 எதிர்பார்க்கிறது. சிறிய ரேட்டிங்குகள் உண்மைப் பலத்தைவிடக் குறைந்துபோய்விட்டன என்பதால்தான் ஃபிடே இதைச் செய்தது, பொதுவாக அது நியாயமாக இருக்கலாம். ஆனால் பழைய 1130 தனக்குச் சரியான எண்ணாகவே இருந்த ஒரு பிள்ளைக்கு, அதே பலத்தில் ஆடினாலும் கோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மகளுடைய இறக்கத்தில் இதுவும் ஒரு பங்காக இருக்கலாம். தற்செயலாகவே இவ்வளவு இறங்கலாம் என்று ஜூன் 7இல் நான் எழுதியதோடு இதையும் சேர்த்து வாசியுங்கள்.

2025 ஜூலை 2

அண்ணை, மகள் நேரம் எழுதி ஆடிய புதிய வவுனியாப் போட்டியின் ஐந்து ஸ்கோர் ஷீட் படமும் கிடைத்தது. ஒரு வெற்றி, ஒரு சமநிலை, மூன்று தோல்வி. எதிராளிகளின் சராசரி ஏறத்தாழ 1550. 1402இல் உள்ளவர் அவர்களிடம் 5 ஆட்டத்தில் ஒன்றரைப் புள்ளி எடுக்கவேண்டும் என்பது கணக்கு, மகள் எடுத்ததும் ஒன்றரை. அதனால் ரேட்டிங் அசையப்போவதில்லை. ஃபிடே வரைபில் இந்த மாதமும் தட்டைக் கோடுதான், ஒன்றும் நடக்காத மாதிரி.

நேரக் கோடுகளை இரவிரவாகக் கீறினேன். போட்டி 60 நிமிடம், நகர்வுக்கு 30 விநாடி கூடுதல். தோற்ற மூன்று ஆட்டத்திலும் முடியும்போது மகளின் மணிக்கூட்டில் 50 நிமிடத்துக்கு மேல் மிச்சம். வென்ற ஆட்டத்தில் மிச்சம் 14 நிமிடம். என் பொடியனுக்கு நேர் எதிர் நோய். மூன்று தோல்வியிலும் கோடு கிடையாகவே ஓடுகிறது, எதிராளி ஆடியதும் உடனே ஆடியிருக்கிறாள். மூன்றாவது சுற்றில் 22ஆவது நகர்வில் ராணியைக் கொடுத்ததற்கு முந்திய ஐந்து நகர்வுக்கும் சேர்த்து அவள் செலவழித்தது மூன்று நிமிடம்கூட இல்லை.

இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். வரைபுத்தாளும் பென்சிலும் கொடுத்து ஐந்து கோட்டையும் அவளையே கீறவிடுங்கள். நாலாவது சுற்றில் 30ஆவது நகர்வுக்குப் பிறகு நேரம் எழுதவில்லை, அங்கே கோட்டை நிறுத்தட்டும், யோசித்து நிரப்ப வேண்டாம். வருகிற சனிக்கிழமை முடிந்தால் தாள்களோடு பரந்தனுக்கு, என் வகுப்புக்கு, கூட்டி வாருங்கள், அந்தப் பொடியனும் தன்னுடைய தாள்களைக் கொண்டு வருவான்.